சீசர் 3-இன் தண்ணீர் அமைப்பு: தூரம் தெரியும், உயரம் தெரியாது

இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் உருவாக்கி 1998-இல் சியரா வெளியிட்ட, ரோமானிய நகரம் கட்டும் கணினி ஆட்டமான சீசர் 3 இன்றைக்கும் ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இணையக் கடைகளில் விற்பனைக்கு இருக்கிறது. வரி, சந்தை, போர் என்று அதில் பேச நிறைய உண்டு. இந்த மதிப்புரை தண்ணீரை மட்டும் பார்க்கிறது. ரிசர்வாயர் (நீர்த்தொட்டி), அக்வடக்ட் (தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), ஃபவுண்டன் (தெருவில் தண்ணீர் பிடிக்கும் தொட்டி), கிணறு, குளியலகம் ஆகிய ஐந்தை வைத்துக்கொண்டு இந்த ஆட்டம் ஒரு ரோமானிய நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது? ஆட்ட விதியாகப் பார்த்தால் இதைவிடச் சுருக்கமாகச் செய்ய முடியாது. நீரியலாகப் பார்த்தால் பாதிதான் தேறும். தண்ணீர் எத்தனை கட்டம் தள்ளிப் போகும் என்பதை மட்டும் கணக்கில் வைத்து, எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு இறங்குகிறது என்பதை அடியோடு விட்டுவிட்டார்கள். ரோமானியப் பொறியாளரின் முக்கால்வாசி வேலையே அந்த இரண்டாவதில்தான் இருந்தது.

முதலில் ஆட்டம் சரியாகச் செய்வது. ரிசர்வாயர் வரைபடத்தில் 3×3 கட்டம், விலை 80 டெனாரியஸ் (ஆட்டத்தின் பணம்). ஆறு, ஏரி, கடல் எதையாவது ஒட்டி வைத்தால் நிரம்பும். அல்லது நிரம்பிய இன்னொரு ரிசர்வாயரிலிருந்து அக்வடக்ட் இழுக்க வேண்டும், கட்டத்துக்கு 8. ரிசர்வாயரின் விளிம்பிலிருந்து நாலாபக்கமும் 10 கட்டம் வரை அதன் குழாய் எல்லை. எல்லை வட்டமல்ல, சதுரம்: 10+3+10, ஆக 23×23. இந்தச் சதுரத்துக்குள் வைத்தால்தான் ஃபவுண்டனும் குளியலகமும் வேலை செய்யும். ஃபவுண்டன் 15 டெனாரியஸ், 4 ஆட்கள். சுற்றிலும் 4 கட்டம் எட்டும், அதாவது 9×9. கிணறு 5 டெனாரியஸ், ஆள் வேண்டாம், 2 கட்டம்தான் எட்டும், 5×5.

விலையை மட்டும் பார்த்தால் கிணறும் ஃபவுண்டனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிணற்றில் ஒரு டெனாரியஸுக்கு 5 கட்டம், ஃபவுண்டனில் 5.4. வித்தியாசம் வீட்டின் தரத்தில் வருகிறது. டென்ட் (கூடாரம்), ஷாக் (குடிசை) என்ற தொடக்க வீட்டு நிலைகளுக்குக் கிணறு போதும். அதற்கடுத்த ஹவல் நிலைக்குள் நுழைய ஃபவுண்டன் தண்ணீர் கட்டாயம். அதனால் ஆரம்ப நாட்களில் கிணறு போட்டு ஆட்களைச் சேர்த்துவிட்டு, கையில் காசு சேர்ந்ததும் ஃபவுண்டனுக்கு மாறுவதே சிக்கனம். இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியிலும் இதே வரிசைதான் நடந்தது: முதலில் ஆழ்கிணறுகளும் மழைநீர்த் தொட்டிகளும், அக்வடக்ட் வந்தபிறகு தெருமுனை ஃபவுண்டன்கள். அங்கே 40-க்கு மேற்பட்ட தெரு ஃபவுண்டன்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன; பெரும்பாலான வீடுகளிலிருந்து அருகிலுள்ள ஃபவுண்டன் 80 மீட்டருக்குள். குடத்தைத் தூக்கி நடக்கும் தூரம்தான் அளவுகோல் என்பதை இந்த ஆட்டம் பிடித்திருக்கிறது. அந்த வகையில் 9×9 என்பது நல்ல தீர்மானம்.

அமைக்கும்போது செய்ய வேண்டியது இது. ரிசர்வாயரின் நடுக்கட்டத்தை மையமாக வைத்து, 9 கட்ட இடைவெளியில் எட்டு ஃபவுண்டன்களைச் சதுரமாக நிறுத்துங்கள். அவை வெளிப்பக்கம் மையத்திலிருந்து 13-ஆம் கட்டம் வரை எட்டும். குழாய் எல்லை 11-இலேயே முடிந்தாலும் ஃபவுண்டன் எட்டும் தூரம் அதைத் தாண்டும். ஃபவுண்டனை எல்லையின் கடைசிக் கட்டத்தில் வைத்தால் 15 வரை போகலாம். நடுவில் ரிசர்வாயரை ஒட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வைத்தால் உள்வட்டமும் பெரும்பாலும் நனைந்துவிடும். மொத்தம் 10 ஃபவுண்டன், 150 டெனாரியஸ், 40 ஆட்கள். பாலைவன வரைபடங்களில் ஃபவுண்டன் எட்டும் தூரம் 3 ஆகக் குறையும். 81 கட்டம் 49 ஆகிறது. அதே குடியிருப்புக்கு ஏறக்குறைய 1.65 மடங்கு ஃபவுண்டன், அதே அளவு கூடுதல் ஆட்கள். பாலைவன வரைபடங்களில் பலர் ஆள் பற்றாக்குறையில் சிக்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். சந்தையைக் குறை சொல்லும் முன் ஃபவுண்டன்களை எண்ணிப் பாருங்கள்.

எங்கே கோளாறு வரும்? முதலாவது, இணைப்பு. அக்வடக்ட் ரிசர்வாயரின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுக்கட்டத்தில் மட்டும்தான் சேரும். மூலையைத் தொட்டபடி நின்றால் கண்ணுக்குச் சேர்ந்த மாதிரி தெரியும், தண்ணீர் வராது. ரிசர்வாயர் கருவியை ஓரிடத்தில் அழுத்தி இன்னோரிடம் வரை இழுத்துவிட்டால் இரண்டு தொட்டியும் நடுவில் அக்வடக்டும் தானாக வரும். இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாதையை ஆட்டமே தேர்ந்தெடுக்கும்.

இரண்டாவது, சாலை. அக்வடக்ட் சாலையை நேர்க்குறுக்காகத்தான் தாண்டும். வளைவிலும் சந்திப்பிலும் தாண்டாது. சாலை இல்லாத இடத்தில் அக்வடக்டுக்கு அடியில் மக்கள் நுழைந்து போக முடியாது. நீளமாக ஒன்றை இழுத்துவிட்டால் அது ஊருக்குக் குறுக்கே மதில் போட்டதுதான். குடியேற வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வருவார்கள், வழியே இல்லையென்றால் வரவே மாட்டார்கள். முதலில் சாலை, பிறகு அக்வடக்ட், கடைசியில் வீடு என்ற வரிசையை மாற்றாமல் இருந்தால் இது நேராது.

மூன்றாவதுதான் ஊரைக் கவிழ்ப்பது. ஃபவுண்டனுக்குச் சாலை வேண்டாம், ஆள் வேண்டும். வேலையாட்கள் குறைந்தால் சில ஃபவுண்டன்கள் வறண்டுவிடும். அதைச் சுற்றிய வீடுகள் தரம் இறங்கும்; இறங்கிய வீட்டில் குறைவான பேர்தான் இருக்க முடியும், மிச்சப்பேர் வெளியேறுவார்கள்; வேலையாட்கள் இன்னும் குறைவார்கள்; அடுத்த ஃபவுண்டனும் வறளும். உழைப்பு ஆலோசகரின் பட்டியலில் நீர்ச் சேவையை முதல் மூன்று முன்னுரிமைகளுக்குள் வைத்துவிடுவதுதான் மருந்து. இதை ஊர் சின்னதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். கவிழத் தொடங்கியபின் செய்தால் நீர்ச் சேவை பிழைக்கும், ஆனால் ஆட்கள் அங்கே போய்விடுவதால் உணவுக் களஞ்சியம் காலியாகும்.

இனி வரலாற்றுப் பக்கம். ஆட்டத்தின் மிகப் பெரிய அபத்தம் அதன் முதல் விதியிலேயே இருக்கிறது: ரிசர்வாயரை ஊருக்குள் ஓடும் ஆற்றின் கரையில் வை, தண்ணீர் கிடைக்கும். ஊருக்குள் ஓடும் ஆறு என்பது அந்த ஊரின் மிகத் தாழ்ந்த இடம். அங்கிருந்து தண்ணீர் தானாக மேலேறாது. ரோமானியர் டைபர் நதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கி.மு. 312-இல் ஆக்வா ஆப்பியா என்ற அக்வடக்டை ஊருக்கு வெளியிலிருந்து கொண்டுவந்தது இதனால்தான். ஊற்றுநீரைத்தான் தேடினார்கள், ஆற்றிலிருந்து எடுத்தவை சில மட்டுமே. அவற்றில் ஒன்றான ஆனியோ நோவுஸ் மழைக்காலத்தில் கலங்கலாக வந்து பெயர் கெட்டது. கடலோர வரைபடங்களில் கடலை ஒட்டியே ரிசர்வாயர் வைக்கலாம், உப்பு என்ற பேச்சே கிடையாது. அதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கொத்தனார் கழிவுநீர்க் குழாய் பதிக்கும்போது பார்க்கிற அதே வாட்டம்தான், ஆனால் அளவு நம்ப முடியாதது. தென் பிரான்சின் நீம் நகரத்துக்கு யூஸேஸ் அருகிலிருந்து தண்ணீர் வந்த வாய்க்கால் சுமார் 50 கி.மீ. மொத்த இறக்கம் வெறும் 12.6 மீட்டர் அளவு. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 25 செ.மீ. பறவை பறக்கும் கோட்டில் அளந்தால் தூரம் 20 கி.மீ.தான், மலைச்சரிவின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போனதால் 50 ஆயிற்று. நடுவே கார்டோன் ஆற்றைத் தாண்டத்தான் 49 மீட்டர் உயரத்தில் பான் து கார் பாலம். இருபது அடி நீள மரமேசையும் தூக்குநூலும் மேலே வெட்டிய தண்ணீர்ப் பள்ளமுமாக இருந்த கோரோபேட்ஸ் போன்ற கருவிகளை வைத்து இந்த மட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். வாட்டம் குறைந்தால் தூர் படியும். கூடினால் தண்ணீர் வேகத்தில் சாந்தை அரிக்கும், கூடவே சேமித்து வைத்த உயரத்தைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். உயரம் ஒரு கையிருப்பு. ஒவ்வோர் அடியிலும் அதைச் செலவழித்துத்தான் தண்ணீர் நகர்கிறது. சீசர் 3-இல் இந்தக் கையிருப்பே இல்லை. வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்தாலும் தண்ணீர் அப்படியே வந்து சேரும்.

படத்திலும் ஒரு பிழை. ஆட்டத்தின் அக்வடக்ட் முழுக்க வளைவுத் தூண்களின் மேல் போகிறது. கி.பி. 97-இல் ரோமின் நீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரான்டினுஸ் கொடுக்கும் கணக்குப்படி ஆக்வா மார்சியாவின் நீளம் 61,710½ பாசுஸ் (ரோமானிய நீள அளவு), அதாவது சுமார் 91 கி.மீ. அதில் 54,247½ பாசுஸ் நிலத்தடியில். நூற்றுக்கு 88 பங்கு! ஆப்பியாவில் 11,190-இல் 11,130 நிலத்தடி. வெளியே தெரிந்தது வெறும் 60. நிலத்தடி வாய்க்கால் என்றால் வெட்டி, கல்லால் கட்டி, சுண்ணாம்போடு உடைத்த ஓட்டுத்தூள் கலந்த சாந்தை உள்ளே பூசி, அடிமூலைகளில் கால்வட்டமாக அதே சாந்தை அழுத்தி, மேலே மூடி, இடையிடையே ஆள் இறங்கும் குழி விடுவது. வளைவுத் தூண் வருவது ஊரை நெருங்கும் சமவெளியில். அங்கே நிலம் தாழ்ந்துவிடும், உயரத்தைத் தக்கவைத்தால்தான் மேட்டுப் பகுதிகளுக்குத் தண்ணீர் ஏறும். ஆட்டத்தில் நிலத்தடி வாய்க்கால் என்றொரு தெரிவு இருந்திருந்தால் மேலே சொன்ன மதில் பிரச்சினையே பாதி தீர்ந்திருக்கும்.

பராமரிப்பு இன்னொரு ஓட்டை. ஃபவுண்டனுக்கு 4 ஆள், அக்வடக்டுக்கு ஒருவரும் வேண்டாம். உண்மை தலைகீழ். தெரு ஃபவுண்டன் இரவு பகலாகத் தானே வழிந்துகொண்டிருக்கும். வழிந்தது சாக்கடையைக் கழுவிப் போகும். ஆட்கள் வேண்டியிருந்தது வாய்க்காலுக்குத்தான். ஃப்ரான்டினுஸ் காலத்தில் ரோமில் அரசின் 240 பேர், பேரரசரின் 460 பேர், ஆக 700 அடிமைகள் இந்த வேலைக்கென்றே இருந்தார்கள். சுண்ணாம்புப் படிவைச் செதுக்குவது, கசிவை அடைப்பது, மரவேர் பிடுங்குவது, தொட்டியைத் தூர் வாருவது என்று வேலை ஓயாது. நீம் வாய்க்காலில் சுண்ணாம்புப் படிவு சில இடங்களில் அகலத்தையே பெருமளவு தின்றிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

திருட்டையும் சொல்ல வேண்டும். தனியார் இணைப்புக்கு முத்திரையிட்ட வெண்கலக் குழாய்முனை ஒன்றைத் தொட்டியில் பதிப்பார்கள். அதன் விட்டம்தான் அனுமதித்த அளவு. குழாய்முனைக்குப் பின்னால் பெரிய ஈயக்குழாயைச் சேர்ப்பது, அனுமதித்ததைவிடத் தாழ்வாகப் பதித்து அதிகம் இழுப்பது, நடைபாதைக்கு அடியில் ரகசியமாகத் துளை போடுவது, இவை எல்லாவற்றையும் ஃப்ரான்டினுஸ் பட்டியல் போடுகிறார். செய்தவர்கள் பெரும்பாலும் நீர்த்துறை ஆட்களே! ஆட்டத்தில் இதற்கு இணையாக இருப்பது ‘அசுத்தமான தண்ணீர்’ என்ற திடீர் நிகழ்வு ஒன்றுதான். அது நகரின் ஆரோக்கிய எண்ணைச் சட்டென்று இறக்கும். எந்த ரிசர்வாயர், எந்த வாய்க்கால் என்பதோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆட்டக்காரர் எவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தாலும் வரும்.

ரிசர்வாயர் என்ற பெயரும் பொருந்தவில்லை. அது எதையும் சேமிப்பதில்லை. மூல இணைப்பை அறுத்தால் கீழே உள்ள அத்தனையும் வறண்டுவிடும். உண்மையில் அது செய்வது காஸ்டெல்லும் எனப்படும் பகிர்வுத் தொட்டியின் வேலை. நீமில் அந்தத் தொட்டி இன்றும் இருக்கிறது: வட்டத் தொட்டி, சுவரில் வரிசையாகப் பத்துத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஈயக்குழாய். பொம்பெயியில் வெசூவியஸ் வாசலருகே, ஊரின் மிக உயர்ந்த இடத்தில் ஒன்று. அங்கிருந்து ஊரின் தாழ்ந்த முனை வரை முப்பது மீட்டருக்கு மேல் இறக்கம். நேரே ஈயக்குழாயில் விட்டால் கீழ்முனையில் அழுத்தம் தாங்காமல் மூட்டு பிளக்கும். அதனால் வழியில் சுமார் 6 மீட்டர் உயரத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஈயத்தொட்டி. தண்ணீர் ஏறி, திறந்த தொட்டியில் அழுத்தம் விட்டு, மறுபடி இறங்கும். ஆட்டத்தில் ரிசர்வாயரைச் சங்கிலியாக அடுக்கும்போது தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்கிறோம். காரணம்தான் சொல்லப்படவில்லை.

பக்கத்து ஆட்டங்கள் இதைவிட மேலா? அதே நிறுவனத்தின் ஃபாரோ (1999) கிணற்றை நிலத்தடி நீர் உள்ள புல்தரையில் மட்டும் அனுமதிக்கிறது. எகிப்துக்கு அது பொருத்தம், அந்த ஒரு விதியே ஊரின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சிவிலைசேஷன் 6-இல் அக்வடக்ட் ஒரே ஓர் அறுகோணம். நகர மையத்தையும் ஓர் ஆறு, ஏரி, பாலைவனச்சோலை அல்லது மலையையும் ஒட்டியிருக்க வேண்டும். நன்னீர் இல்லாத நகரின் குடியிருப்பு அளவை 6-க்கு உயர்த்தும், நன்னீர் ஏற்கனவே உள்ள நகருக்கு 2 கூட்டும். மலையிலிருந்தும் எடுக்கலாம் என்பதில் சீசர் 3-ஐவிட அது உண்மைக்கு நெருக்கம். அதற்குமேல் அதில் வடிவமைக்க ஒன்றுமில்லை.

சொந்தமாக ஆட்டமோ, இருக்கிற ஆட்டத்தை மாற்றும் மோடோ செய்கிறவர்களுக்கு இந்த ஓட்டைகள்தான் வேலைக்களம். ஒரு கட்டமைப்பு இப்படிப் போடலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயர எண். ஊற்றின் உயரமே தொடக்கக் கையிருப்பு. வாய்க்கால் ஒரு கட்டம் நகர்ந்தால் 1 புள்ளி குறையும். நிலம் வாய்க்கால் மட்டத்துக்கு 3 புள்ளி மேலே வரை இருந்தால் வெட்டி மூடும் வாய்க்கால், விலை 2. அதற்கும் மேல் என்றால் சுரங்கம், விலை 7. நிலம் மட்டத்துக்குக் கீழே 5 வரை என்றால் வளைவு, விலை 6; அதற்கும் கீழே என்றால் இரண்டடுக்கு, விலை 14. பகிர்வுத் தொட்டியைவிடத் தாழ்ந்த கட்டங்களுக்கு மட்டுமே ஃபவுண்டன்.

இதில் விலை விகிதம் தவறினால் எல்லாம் வீண். நீம் வாய்க்கால் நேர்க்கோட்டைவிட 2.5 மடங்கு நீளம். சுரங்கத்தின் விலை வெட்டி மூடும் வாய்க்காலைப் போல 2.5 மடங்குக்குக் குறைவாக இருந்தால் யாரும் மலையைச் சுற்றிப் போக மாட்டார்கள், நேராகக் குடைந்துவிடுவார்கள். மறுபக்கம், சுற்றிப்போவது மலிவாக மட்டும் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. நீளம் கூடக் கூட உயரமும் கரைவதால்தான் இழுபறி வருகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சோதிக்காமல் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம்.

சுரங்கத்துக்கு ஒரு அபாய விதியும் வைக்கலாம். சால்டேயில், இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயாவில், இருபுறமிருந்தும் தோண்டிய குழுக்கள் கோடு விலகிப் போய், தோண்டிய நீளத்தின் கூட்டுத்தொகை மலையின் அகலத்தையே தாண்டிவிட்டது, அப்போதும் சந்திக்கவில்லை. நோனியுஸ் டாட்டுஸ் என்ற படைப்பொறியாளர் போய்ச் சரிசெய்ததைக் கல்வெட்டே சொல்கிறது. 8 கட்டத்துக்கு மேற்பட்ட சுரங்கத்தில் மேலிருந்து இறங்கும் துளை இல்லையென்றால் கோடு விலகும் வாய்ப்பு என்று ஒரு பகடை போதும். லுக்துனும் (இன்றைய லியோன்) போன்ற வரைபடத்துக்குத் தலைகீழ் சைஃபனும், அதாவது பள்ளத்தில் இறங்கி அழுத்தத்தால் மறுபக்கம் ஏறும் மூடிய குழாயும் வேண்டும்: உண்மையான லியோனில் ஜியே அக்வடக்ட் சுமார் 120 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கை ஈயக்குழாய் வரிசையால் தாண்டியது. ஈயம் விலை உயர்ந்தது, மூட்டு கசியும். ஆகவே கல்லுக்குப் பதில் ஈய இருப்பைச் செலவழிக்கச் செய்து, பராமரிப்பை மும்மடங்காக்கினால் பொருந்தும்.

மோட் எதுவும் இல்லாமல் அசல் ஆட்டத்திலேயே கொஞ்சம் உண்மை வேண்டுமென்றால் வீட்டு விதிகள் போதும். ஆற்றோர ரிசர்வாயரை வரைபட விளிம்பில், ஆறு உள்ளே நுழையும் பக்கத்தில் மட்டும் வையுங்கள். ஒரு மூலத்துக்கு 12 ஃபவுண்டன், 2 குளியலகம் என்று வரம்பு கட்டுங்கள். ஊர் அதைத் தாண்டினால் புது மூலம், புது வழி. ரோமுக்கு ஃப்ரான்டினுஸ் காலத்தில் ஒன்பது தனித்தனி வாய்க்கால்கள் இருந்தது இந்தக் கட்டாயத்தால்தான். இப்படி ஆடினால் பணம் இறுகும். எதிரிகள் அக்வடக்டை இடித்துக்கொண்டு உள்ளே வரும்போது ஒரு பகுதி மட்டும் வறளும், ஊர் மொத்தமும் அல்ல.

வாங்குகிறவர்களுக்கு: அசல் ஆட்டத்தைப் புதிய கணினியில் அப்படியே ஓட்டுவதைவிட ஜூலியஸ் அல்லது அகஸ்டஸ் என்ற இலவச எஞ்சின்களில் ஓட்டுவது நல்லது. இரண்டுக்கும் அசல் ஆட்டத்தின் கோப்புகள் தேவை, எனவே ஆட்டத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். ஜூலியஸ் அசல் விதிகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன எண்கள் அதற்கு முழுக்கப் பொருந்தும். அகஸ்டஸ் சாலைத்தடுப்பு போன்ற புது விஷயங்களைச் சேர்க்கிறது, பெரிய ஊர் கட்ட வசதி; ஆனால் அதில் விதிகளையும் எண்களையும் மாற்றிக்கொள்ள இடமிருப்பதால், ஃபவுண்டன் இடைவெளியை நீர் ஓவர்லேயில் (தண்ணீர் எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடப் பார்வை) ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பெரிய குடியிருப்பைத் தொடங்குங்கள்.